சத்தம் வராத மந்திரி

கீழ்ப்பிரிவு லயம்,
கொஸ்லந்த.
செவ்வாய்க்கிழமை.

என் தாயுடன் பிறந்தவரும் நம் தேயிலைத் தோட்டத்தின் முன்னாள் சங்கத் தலைவருமான சிவஞானம் மாமா அவர்களுக்கு, மருமகன் துஷாந்த் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வத்தளையில் மகள் மதுஷா வீட்டில் நீங்கள் நலமாக இருப்பது அவள் அனுப்பும் படங்களில் தெரிகிறது. சட்டை இஸ்திரி போட்டிருக்கிறது. நாங்களும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். அதை நம்ப வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தம் என்று மதுஷா ஸ்பீக்கரில் போடுவாள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் கேட்பார்கள். இது அவர்கள் கேட்கக்கூடிய விஷயம் இல்லை.

மாமா, நம் லயத்து வீட்டு வரிசையின் பின்சுவர் மண்ணை விட்டுப் பிரிந்துவிட்டது. வெடிப்புக்குள் முதலில் விரல் போனது, இப்போது கை போகிறது. மழை பிடித்தால் அம்மா உடுப்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். மண்சரிவு ஆபத்துள்ள இடம், வெளியேறுங்கள் என்று சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அதில் இல்லை. மொனராகலைப் பக்கம் இடம் பார்த்திருப்பதாகத் தோட்ட நிர்வாகம் சொல்கிறது. பிறந்ததிலிருந்து கொழுந்து மட்டுமே பறித்த பெண்களைக் கரும்புக் காட்டில் இறக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். நாங்கள் கேட்பது பள்ளிக்கூட மேட்டுக் காணியை. மந்திரி தண்ணீர்த் தாங்கி திறக்க வந்த அன்று மேடையில் நின்று, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் உறுதிப் பத்திரத்தோடு தருகிறேன் என்று சொன்ன காணியை. நான் அப்போது அம்மாவின் இடுப்பில். நீங்கள் மந்திரிக்குப் பக்கத்தில் நின்று அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொன்னீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா போய்த் தன் பங்குக்கு நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டார். வீடு வரவில்லை. லீவு நாட்களில் அந்தக் கற்களுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வருவார். கேட்டால் "வூட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்பார். சாகும் வரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

போன வாரம் பதுளையிலிருந்து காணி அதிகாரி சேந்தன் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். நிர்வாகம் போட்ட நாற்காலியில் உட்காராமல் நம் வாசலில் நின்றே விசாரித்தார். "மந்திரி சொன்னவர் எண்டு எல்லாரும் சொல்லுறியள். கொம்பனி அப்பிடி ஒண்டும் இல்லை எண்டுது. ஏதும் ஆதாரம் இருந்தாக் காட்டுங்கோ தம்பி, நான் அறிக்கையில எழுதுறன்" என்றார். அம்மா உடனே, "எங்க அண்ணன் வீடியோ புடிச்சு வச்சிருக்காருங்க" என்றாள். நீங்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில், பட்டுச் சால்வைக்குள் சுற்றி, கேசட் இருந்தது. மேலே 'தலைவர் விழா' என்று எழுதி ஒட்டியிருந்தீர்கள். மந்திரி வந்த விழாவுக்கு நீங்கள் வைத்த பெயர் அது.

கேசட் கிடைத்தால் போதுமா, போட்டுப் பார்க்க வீடியோ டெக் வேண்டாமா? பண்டாரவளையில் பழைய சாமான் திருத்துகிற ஸனூஸ் நானாவின் கடையில் ஒன்று இருந்தது. "இதக் கேட்டு ஆள் வந்து எத்தின காலம்! கலியாண வீடா தம்பி?" என்றார். "இல்ல நானா, காணி." "காணிய டெக்லயா போடுறீங்க?" என்று சிரித்தார். டெக்கை இரவலாகத் தூக்கிக்கொண்டு வந்து, என் டீவியைக் கோயில் மண்டபத்தில் வைத்தேன். லயத்துச் சனம் முழுக்கத் திருவிழாவுக்கு வருகிற மாதிரித் தலைசீவி வந்து உட்கார்ந்துவிட்டது. டெக்கின் முதுகில் மஞ்சளாக ஓர் ஓட்டை, வெள்ளையாக ஓர் ஓட்டை. நானா தந்த வயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை. டீவியில் இயர்போன் குத்துகிற மாதிரி ஒரேயொரு சின்ன ஓட்டை, அதற்குள் வயரின் மறுமுனை போனது. மஞ்சளும் வெள்ளையும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போன பிறகு சிவப்பு மட்டும் தொங்கியது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி அக்கா, "அது எங்கடா போவணும்?" என்று கேட்டாள். "அதுக்கு எடம் இல்லக்கா." "அப்ப நம்ம ஆளுதான்" என்றாள்.

படம் வந்தது மாமா. கோடு கோடாக நடுங்கிவிட்டு நின்றது. மந்திரி மாலையோடு நிற்கிறார், நீங்கள் அந்தச் சால்வையோடு நிற்கிறீர்கள், மந்திரி பேசுகிறார், சத்தம் மட்டும் இல்லை. டீவியில் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினேன். ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. "என்னடா, வாய மட்டும் ஆட்டுறாரு?" என்று ஒருவர் கேட்க, "அன்னைக்கும் அதத்தானே ஆட்டுனாரு" என்று இன்னொருவர் சொல்ல, மண்டபம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் மந்திரி கையைத் தூக்கிப் பள்ளிக்கூட மேட்டைக் காட்டினார். சனம் எழுந்து நின்றுவிட்டது. "பாரு, காணியக் காட்டுறாரு!" "ஏழு பேர்ச்சுன்னு சொல்ற வாயப் பாரு!" "ஏழா? பத்துன்னாரு, நான் முன்னாடிதானே நின்னேன்." "தண்ணிக் குழாயும் சொன்னாரு." சத்தம் இல்லாத மந்திரி அன்று எங்களுக்குப் பாதி மாகாணத்தையே எழுதிக் கொடுத்தார். திரையின் ஓரத்தில் அப்பா, இரவல் சட்டையில், கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா டீவிக்குக் கிட்டே போய், கேமராக்காரரிடம் சொல்வதுபோல, "கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுங்களேன்" என்றாள்.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். ஊமைப் படத்தைக் காட்டினால் கம்பெனிக்காரன் சிரிப்பான், மந்திரி தன் வாயால் சொன்ன சொல் வேண்டும் என்று குதித்தது நான்தான். ஸனூஸ் நானாவுக்குப் போன் போட்டேன். "சிவப்பையும் வெள்ளையையும் மாத்திக் குத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன், படம் போய், கொசு ரீங்காரம் மட்டும் வந்தது. மஞ்சளை மாற்றினேன், ரீங்காரமும் போனது. மறுநாள் நானாவே பஸ் ஏறி வந்து, "பாக்க எல்லா வயரும் ஒண்டு மாதிரித்தான் தம்பி இரிக்கும், உள்ளுக்குக் கம்பி மாறி இரிக்கி" என்று சொல்லி, ஒரு சின்னப் பெட்டியை நடுவில் மாட்டினார். அதில் மந்திரியின் முகம் முழுக்க நீலமாகிவிட்டது. கோயில் மண்டபம் வேறா, முன்வரிசைக் கிழவிகள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் நானா அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, "படம் டீவியில வரட்டும், சத்தத்துக்கு டீவி என்னத்துக்கு? சாமிட மைக் செட் இரிக்கிதானே" என்றார். நானா கொண்டுவந்த தனி வெள்ளை வயர் ஒன்றை டெக்கிலிருந்து கோயில் மைக் செட்டுக்குக் குத்தினோம். வெளியே மரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாயை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும் போட்டோம். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

சத்தம் வந்தது. கோயில் பெட்டி ஆயிற்றே, நெஞ்சில் இடிக்கிற மாதிரி வந்தது. நீங்கள் கைகூப்பி, சிங்களத்தில், இந்தச் சனத்துக்கு அந்த மேட்டில் கொஞ்சம் காணி வேண்டும் என்று கேட்கிறீர்கள். மந்திரி மைக்கைக் கையால் விலக்கிவிட்டு, மலைப் பக்கம் பார்க்கிறார், கையைத் தூக்கிக் காட்டுகிறார், சொல்கிறார்: "ஹரி, பலமு. வெஸ்ஸ எனவா நே." சரி, பார்ப்போம். மழை வருகிறதே. அவ்வளவுதான் மாமா. அவர் காட்டியது காணியை இல்லை, அதற்கு மேலே நின்ற மேகத்தை. பிறகு நீங்கள் மைக்கைப் பிடிக்கிறீர்கள். "தோட்டத்துச் சொந்தங்களே! மந்திரி ஐயா இப்ப என்ன சொல்றாருன்னா, அந்தா தெரியுதே பள்ளிக்கூட மேடு, அதக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சாப் பிரிச்சு, உறுதி எழுதி, வர்ற தைப்பொங்கலுக்குள்ள உங்க கையில தர்றேங்கிறாரு!" தப்பு அடிக்கிறார்கள், பட்டாசு வெடிக்கிறது, மந்திரி பயந்து ஓர் அடி பின்னால் போகிறார். எதற்குக் கொண்டாடுகிறோம் என்று அவருக்கு விளங்கவேயில்லை.

மேடைக்குக் கீழே நின்றவர்களுக்கு மந்திரி சொன்னது அன்று கேட்டிருக்காது. கேமராக்காரர் உங்கள் காலடியில் நின்றதால் கேசட்டில் விழுந்துவிட்டது. கேட்டிருந்தாலும் பாதிப் பேருக்கு அப்போது சிங்களம் புரியாது. இப்போது எல்லாருக்கும் புரியும். நம் பிள்ளைகள் பண்டாரவளைக் கடைகளில் சிங்களத்தில்தான் ஏச்சு வாங்குகிறார்கள். ஸனூஸ் நானா, தான்தான் ஏதோ வயரைப் பிழையாகக் குத்திவிட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க அண்ணனுக்கு எப்பவுமே பெரிய மனசு. கொடுக்கிறதுன்னா கொறைச்சா கொடுப்பான்?" என்றாள். சிலர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "காலையில போயி அந்த நாலு கல்லையும் புடுங்கிட்டு வந்துருடா. இல்லன்னா ஒங்கப்பா அங்கயே உக்காந்திருப்பாரு." நான் போகவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏன் மாமா அப்படிச் செய்தீர்கள்? 'பார்ப்போம்' என்றால் 'பார்ப்போம்' என்றே சொல்லியிருக்கலாமே. அந்தச் சொல் எங்களுக்குப் புதிதா? விடிவதற்கு முன்னால் வேலைப் பெரட்டில் போய் நின்று பெயர் கொடுக்கிற சனத்துக்கு, கூலி கேட்டாலும் கூரைத் தகரம் கேட்டாலும் எல்லாரும் சொல்கிற பதில் அது ஒன்றுதான். அதை உள்ளபடியே சொல்லியிருந்தால் நாங்கள் அன்றே கோபப்பட்டிருப்போம். வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் இறங்கியிருப்போம். நீங்கள் எங்களுக்குக் காணியைக் கொடுக்கவில்லை, எங்கள் கோபத்தை எடுத்துக்கொண்டீர்கள். பதிலுக்கு ஒரு கைதட்டலை வாங்கிக் கேசட்டில் போட்டு, பட்டுச் சால்வையில் சுற்றி வைத்துவிட்டீர்கள். இத்தனை வருஷமாக மந்திரி பொய் சொல்லிவிட்டார் என்று அந்த மனிதரைத் திட்டினோம். பாவம், அவர் மழை வரும் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மழையும் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சேந்தன் சார் மறுபடி வருகிறார். சத்தத்தோடு போட்டுக் காட்டி, இதுதான் நடந்தது, எங்கள் ஆளே எங்களை ஏமாற்றிவிட்டார் என்று உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். பிறகு மொனராகலையோ, மண்ணுக்கு அடியிலோ, வருவது வரட்டும். இனி நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம். மதுஷாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்களிடம் ஆசீர்வாதம் கேட்கிற எண்ணம் இல்லை. வயதில் மூத்தவர் என்பதால் வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
ராசம்மா மகன்
துஷாந்த்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது சேந்தன் சார் எனக்குப் போன் எடுத்தார். படம் மட்டும்தான் வருகிறது என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். "சத்தம் வராட்டியும் பரவாயில்லைத் தம்பி. இருபது வருசத்துப் பழைய கேசட், எனக்கு விளங்கும். மந்திரி அந்தக் காணியக் கைகாட்டுறது தெரிஞ்சாப் போதும், நான் எழுதிப்போடுவன்" என்றார். பக்கத்தில் அம்மா நின்றாள். விஜயலெட்சுமி அக்கா நின்றாள். வாசலில் எல்லாரும் நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தமே வரல சார், எவ்வளவோ முயற்சி பண்ணிட்டோம்" என்றேன். வெள்ளை வயரை ஸனூஸ் நானாவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை. இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அன்று மந்திரி சொன்னதைத் தமிழில் சொன்னது நீங்கள்தான் என்று அம்மா சொல்லிவிட்டதால், சேந்தன் சார் உங்களுக்கும் போன் எடுப்பார். மதுஷாவை ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், நன்றாகக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். அன்று மைக்கில் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள். ஒரு பேர்ச்கூடக் குறைத்துவிடாதீர்கள்.