குளித்து வந்த யூட்

நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்பும்போதுதான் நான் பெரிய தப்புகளைச் செய்வேன்.

நாங்கள் குடியிருக்கும் ஆஸ்திரேலியாவில், ஆட்டுப் பண்ணையில் நடக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்த்து வந்தேன். கதைக்காக அல்ல, வண்டிகளுக்காக. (நாயகி யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். அவள் ஜீப்பில் கிளட்ச் சரியில்லை, அது தெரியும்.) அந்தத் தொடருக்குப் பழைய வண்டி தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், பின்னால் திறந்த தொட்டியுள்ள என் யூட் வண்டியின் படத்தை அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். மதுரையிலிருக்கும் மாமனார் வீடு வரை தண்டோரா போட்டேன்.

எங்கள் ஊர் கிரான்பர்னுக்கு வெளியே ஒரு பண்ணையில் படப்பிடிப்பு. முதல் நாள், யூட் சேறும் சகதியுமாகப் பண்ணைக்குள் நுழைவதை எடுத்தார்கள். மறுநாள், அதன் தொடர்ச்சியாக, அது வாசலில் வந்து நிற்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

"டிவில வரப்போற வண்டி இப்படியா இருக்கும்?" என்றாள் என் மனைவி சுமதி.

இருவருமாக ஷாம்பூ போட்டுத் தேய்த்தோம். காலையில் பானெட்டில் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் கிளம்பினேன்.

படப்பிடிப்பில் வண்டிகளுக்குப் பொறுப்பான ஜில் என்ற பெண் ஓடி வந்தாள். "என் சேறு எங்கே?"

"கழுவிட்டேன்" என்றேன் பெருமையாக. (பாராட்டுவாள் என்று நினைத்தேன்.)

"நேத்து சேத்தோட உள்ள வந்த வண்டி, இன்னைக்கு வாசல்ல பளபளன்னு நின்னா எப்படி? ஒரு மணி நேரத்துல பழையபடி ஆகலைன்னா இந்தக் காட்சியையே தூக்கிடுவாங்க!"

மதுரை வரை போட்ட தண்டோரா நினைவுக்கு வந்தது. குட்டையிலிருந்து வாளி வாளியாகச் சேறு சுமந்தேன். ஜில் நேற்றைய புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்பாஞ்சால் ஒற்றினாள். அவமானத்திலும் ஆர்வம் அடங்கவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். சேற்றிலும் இத்தனை கணக்கா! நாய் வைத்திருப்பவரின் கதவில் கால் தடம் இருக்க வேண்டுமாம். சோம்பேறியின் கண்ணாடியில் வைப்பர் போன இடம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

"என் வண்டி யாரோடது?"

"வாழ்க்கையில ஒரு தடவைகூட வண்டி கழுவாதவனோடது."

காட்சி தப்பித்தது. தொடரில் என் யூட் முழுதாக ஐந்து விநாடி வந்தது. அந்த வீடியோத் துண்டை மதுரைக்கு அனுப்பினேன். சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு வீடியோ அழைப்பில் மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏன் மாப்ள, அங்க தண்ணிக் கஷ்டமா?"

எவ்வளவோ விளக்கிவிட்டேன். இன்றைக்கும் நான் மதுரைக்குப் போன் செய்தால், யார் எடுத்தாலும் நலம் விசாரிக்கும் முன்பு கேட்பது ஒன்றுதான்: "தண்ணி வருதா மாப்ள?"