தாழச் சுடும் துவக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை, கரவனெல்லைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்துப் பங்களா முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பிஸ்டலைப் பிடித்திருந்த தோட்டக்காரர் நுஹ்மான். அவருடைய அண்ணனும், குரலை உயர்த்தாமலே வரக்காப்பொல கடைத்தெருவை எழுந்து நிற்க வைப்பவருமான ஹாஜியார் மீராசாஹிப். இவர்களின் தங்கையைக் கட்டிய றம்ஸான். முற்றம் கூட்டும் சுப்பம்மா. வேறு எவரும் இல்லை. நானும் பார்த்தேன் என்று பின்னால் சொல்லித் திரிந்தவர்கள் ஒருவரும் அன்று அங்கே இல்லை.

முற்றத்தின் அந்தக் கோடியில், மண்மேட்டுக்கு முன்னால் ஒரு கம்பு. கம்பில் பிஸ்கட் டின் மூடி. நுஹ்மான் குறி பார்த்தார். சுட்டார். மூடி அசையவில்லை. அதற்கு ஒரு முழம் கீழே மண் தெறித்தது.

"கீழ போயிட்டுது," என்றார் றம்ஸான்.

"எனக்கும் பாக்கக் கண் ஈக்குது," என்றார் மீராசாஹிப்.

அண்ணன் தம்பி இருவரின் தகப்பனாரை அந்தப் பக்கத்தில் துவக்கு ஹாஜியார் என்றுதான் சொல்வார்கள். அவர் குறி தவறியதாக ஒரு கதைகூடக் கிடையாது. அப்படிப்பட்டவரின் மகன் நுஹ்மான் மரவள்ளியைத் தோண்டிய பன்றியைச் சுட, வெடி பன்றியின் காலடி மண்ணில் போய்ப் புதைந்தது. பால்வெட்டுகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போதே மீராசாஹிபின் காதில் அது விழுந்தது: நுஹ்மானுக்குக் கை நடுங்குதாம்.

நுஹ்மானின் மனைவி காலமான பிறகு மீராசாஹிப் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தது ஒரே ஒரு தடவை. கடை, பள்ளிவாசல் நிர்வாகம், ஊர்ப் பஞ்சாயத்து என்று அவருக்கு நேரம் இருப்பதில்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டதும் அடுத்த ஞாயிறே காரை எடுத்துவிட்டார். குடும்பத்தில் கை நடுங்கியவன் கிடையாது. ஆகவே கோளாறு துவக்கில். அதை ஊருக்கு நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாப்பாவின் பெயர் இத்தோடு சரி.

தானே சுட்டுப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் லைசென்ஸ் நுஹ்மானின் பெயரில் இருந்தது. அடுத்தவன் லைசென்ஸில் விரல் வைப்பது அந்தக் குடும்பத்தில் இல்லாத பழக்கம்.

"டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டுவோமே," என்றார் றம்ஸான்.

"இந்தக் காலத்தில பிஸ்டலத் தூக்கிக்கொண்டு செக்பொயின்ட் தாண்ட ஏலுமா மச்சான்?" என்றார் நுஹ்மான். "என்ன செய்றெண்டாலும் இங்க வந்துதான் செய்யோணும்."

அதில் நியாயம் இருந்தது.

"அப்ப துவக்குட மூக்கில ஈக்கிற முன்குறிய அராவிப் பாப்போம்," என்றார் றம்ஸான். "அது உசரமா ஈந்தா வெடி தாழத்தான் போகும்."

அடுத்த ஞாயிறு மீராசாஹிப் தன் இரும்புக் கடையிலிருந்து நல்ல அரம் ஒன்றை எடுத்து வந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நுஹ்மான் பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுக்க, முன்குறியை விட்டுவிட்டுப் பின்குறியை அராவினார். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியமானது என்பது அவருடைய தீர்மானம்.

நுஹ்மான் சுட்டார். கம்பு அடியோடு முறிந்து விழுந்தது.

"மூடி விழுந்திச்சே!" என்றார் மீராசாஹிப்.

"விழுந்தது கம்பு," என்றார் றம்ஸான். "பின்னுக்கு அராவினா மூக்கு இன்னும் கீழ பாக்குமே மச்சான்."

"இத அராவ முந்திச் செல்லியிருக்கோணும்."

"செல்ல உட்டீங்களா?"

நுஹ்மான் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளே போய் இடியப்பத் தட்டுகளோடு வந்தார். பின்னால் கோழிக் கறி வந்தது. அதற்குப் பின்னால் வட்டிலப்பம் வந்தது. தனியாக இருக்கிற ஆள் இதையெல்லாம் எப்போது அவித்தார் என்று மீராசாஹிப் ஒரு கணம் யோசித்தார். பிறகு சாப்பிட்டார்.

"வாற கிழம என்ன கொண்டு வாறீங்க நானா?" என்று அண்ணனைக் கேட்டார் நுஹ்மான்.

"துவக்குக்குப் புது ரவை. பழைய ரவையிலதான் கோளாறு."

"தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்க."

"இது என்ன கல்யாண வீடா?"

நுஹ்மானின் லைசென்ஸுக்குரிய புது ரவையை முறைப்படி எடுத்து, அடுத்த ஞாயிறு அதையும் பார்த்தார்கள். புது ரவைக்குச் சத்தம் அதிகம். அது மண்ணில் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற தண்ணீர்க் குழாயை உடைத்தது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது.

"ஐயோ, கொழா போச்சுங்க!" என்று கத்தினாள் சுப்பம்மா.

லயத்துச் சனம் குடத்தோடு ஓடி வந்தது. மீராசாஹிப் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். மரியாதையான மனிதர் ஒருவர் அப்படி நிற்பதைப் பார்த்து ஒரு பயலும் சிரிக்கவில்லை. திரும்பிப் போகும் வழியில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரம் கதை அரநாயக்க வரை போனது. இப்போது நுஹ்மானுக்குக் கை மட்டும் இல்லை, தலையும் நடுங்கியது.

"ஆள் பிடிக்கிறேன்," என்றார் மீராசாஹிப்.

அவர் பிடித்த ஆள் ரணவீர. பட்டாளத்தில் துவக்குத் திருத்திப் பென்ஷன் வாங்கியவர். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். புதுப் பின்குறி ஒன்றைப் பூட்டி, பிஸ்டலைக் கழற்றித் துடைத்து, மாட்டிக் கொடுத்தார். குழாய்ச் சம்பவத்துக்குப் பிறகு லயத்துச் சனம் ஞாயிறு தவறாமல் வேலியோரம் வந்து குந்தியிருந்தது. நுஹ்மான் அவர்களுக்கும் தேத்தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

நுஹ்மான் சுட்டார். மூடியின் நட்ட நடுவில் ஓட்டை.

வேலியோரம் கைதட்டியது. மீராசாஹிப் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். பல கிழமைக்குப் பிறகு அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். பாத்துக்கொண்டீங்களா எல்லாரும்? துவக்குதான் பிழை. சரி நுஹ்மான், இனி எனக்கு இங்க வேல இல்ல. இனி வரத் தேவையுமில்ல."

நுஹ்மான் இரண்டாவது வெடியை வைத்தார். அது மண்ணுக்குள் போனது.

ரணவீர தாடையைச் சொறிந்தார். பிஸ்டலை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதோ செய்து, திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் ஒண்டு சுடுங்க, முதலாளி."

நுஹ்மான் குறி பார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. உள்ளே போட்டிருந்தது மருந்தில்லாத வெற்று ரவை. வெடிக்காத பிஸ்டலின் மூக்கு, எல்லோரும் பார்த்திருக்க, கீழே குனிந்து நிமிர்ந்தது.

"துவக்கு நல்லம், ஹாஜியார்," என்றார் ரணவீர, மிக மரியாதையாக. "வெடி இல்ல. ஆனா மூக்கு கீழ போனது. அது கை. சத்தம் வரும் எண்டு பயந்த கை. பட்டாளத்தில புதுப் பொடியன்மார் எல்லாருக்கும் வரும்."

வேலியோரத்தில் ஒரு கிழவன் இருமினான். அது இருமல்தானா என்பது சந்தேகம்.

மீராசாஹிப் ரணவீரவை றம்ஸானோடு பஸ் நிலையத்துக்கு அனுப்பினார். சனத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சனம் கலைந்தது. பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"நாளைக்கே பொலிஸுக்குப் போ. துவக்கையும் லைசென்ஸையும் கையளி. இனி வேணாமெண்டு செல்லு. வாப்பாட பேர இதுக்கு மேல சந்தி சிரிக்க வெக்காத."

"சரி நானா."

"கை நடுங்கினா முதல்லயே செல்லியிருக்கலாமே!"

நுஹ்மான் பிஸ்டலைத் துணியில் சுற்றினார். மெதுவாகச் சுற்றினார்.

"அப்ப வாற ஞாயிறு நீங்க வாறல்லயா?"

"என்னத்துக்கு?"

நுஹ்மான் விருந்தாளிகளுக்காக வெளியே போட்டிருந்த கதிரைகளை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே கொண்டுபோனார். கடைசியில் வராந்தாவில் ஒரு கதிரை மட்டும் மிஞ்சியது. அதை அவர் எடுக்கவில்லை. சமையலறையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேருக்கான சோறு.

"தின்டுட்டுப் போங்களேன்," என்றார்.

"பசியில்ல," என்று சொல்லிவிட்டு மீராசாஹிப் படியிறங்கினார்.

காரடியில் சுப்பம்மா ஓர் உமல் பையோடு நின்றாள். உள்ளே ஈரப்பலாக்காய்கள்.

"ஐயா, வீட்டுக்குக் கொண்டு போங்க. நல்ல முத்தின காயி."

மீராசாஹிப் ஒன்றை எடுத்துப் பார்த்தார். காம்போரத்தில் வட்டமாக ஒரு துளை. பூச்சி விழுந்த காய் என்று திருப்பிப் போட்டார். அவருடைய மனம் காயில் இல்லை.

"சுப்பம்மா, ஒரு விஷயம் கேக்கிறன். லயத்தில என்ன பேசிக்கிறாங்க? மறைக்காமச் செல்லு."

"என்னத்தங்க பேசுவாங்க? மொதலாளிக்குக் கை நடுங்குதுன்னுதான்."

"நீயும் அதத்தானே செல்லித் திரியிற?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உமல் பையைக் கீழே வைத்து இடுப்பில் கை வைத்தாள்.

"நான் எதுக்குங்க அப்படிச் சொல்றேன்? அது சுத்தப் பொய்யிங்க. கொக்கத்தடி எட்டலன்னு சொன்னா, அந்த ஒசரத்து மரத்துல இருக்க காய மொதலாளிதான் எனக்கு ஒரே வெடியில விழுத்தித் தர்றாரு. அந்தப் பன்னிக்கு அப்புறம் கெழம நாள்ல ஒரு குண்டு தப்பாதுங்க. நீங்க வர்ற ஞாயித்துக்கெழம மட்டுந்தான் அவருக்குக் கீழ போகுது!"