சிக்னல் பாறையில் வடைச்சட்டி

கம்மலை விற்று வாங்கிய போன், சண்முகவடிவின் வடைக் கடைக்குள் ஒரு கோடு சிக்னல்கூடக் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. அது தேயிலைத் தோட்டத்துக்குச் செல்போன் வந்த புதிது. ஹட்டன் ஓட்டல்காரர் தினமும் நூறு வடை எடுப்பதாகவும், எந்த நாளிலிருந்து என்பதைப் போனில் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஓர்டர் தவறினால் அடுத்த மாதம் மறுபடி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட வேண்டியதுதான்.

"லயத்து வீடுகளுக்கு மேல பாறையில ஏறுனா கெடைக்குதாம்," என்றான் கணவன் ஆண்டியப்பன்.

ஏறினாள். கிடைத்தது. ஆனால் கீழே கடை பூட்டிக் கிடக்க, கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பசியோடு வந்த பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் போனைப் பையில் போட்டுப் பாறையோரச் சவுக்குமரத்தில் தொங்கவிட்டு, கீழே கடையைத் திறந்தாள். பாழாய்ப்போன போன் அன்றைக்குத்தான் அடித்தது. மாவுக் கையோடு மூச்சிரைக்க ஓடினாள். அவள் தொட்டதும் நின்றது. யார் கூப்பிட்டது என்று பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. கீழே வடை கருகி, லயமெல்லாம் புகை.

"பேசாம விட்டுரு புள்ள," என்றான் ஆண்டியப்பன்.

"விடுறதுக்கா கம்மலை வித்தேன்? அடுப்பத் தூக்குங்க!"

கடையே மலையேறியது. அங்கே வேறு தொல்லை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளோடு பேச, சொந்தப் போனும் இரவல் போனுமாக அந்தப் பாறைக்குத்தான் சனம் முழுக்க வந்தது. "ஹலோ! கேக்குதா?" என்று மலையே அதிரக் கத்தியது.

"அட, எம்போன் அடிச்சா எனக்குக் கேக்க வேணாமா? காசத் தட்டுல போட்டுட்டு வடைய வாயில போடுங்க. சும்மா நில்லுங்க!"

எங்கே சும்மா நின்றார்கள்? நாளுக்கு நாள் கூட்டம்தான் கூடியது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. சட்டியைக் கணவனிடம் விட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் அடித்தது.

"ஹட்டன்லருந்து பேசுறேன். நாளையிலருந்து நூறு வடை அனுப்புறீங்களா?"

சண்முகவடிவு துள்ளி எழுந்தாள். இனிக் கூடை தூக்க வேண்டாம்! போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"கேட்டீங்களா? நாளைக்கு நூறு வடை!"

ஆண்டியப்பன் வழித்துவிட்ட மாவுப் பானையைக் கவிழ்த்துக் காட்டினான்.

"நாளைக்கு இந்தச் சிக்னல் ஆளுகளே முந்நூறு சொல்லிட்டாங்க புள்ள, ஓட்டல்காரரையும் வரிசையில நிக்கச் சொல்லு."