ஷ்லீரனில் ஒரு கணப்பு

ஒரு பெட்டிக் கற்பூரம் முடிந்துவிட்டது. நிலக்கரி மட்டும் பற்றவில்லை.

விஜிதரன் முழங்காலில் நின்று, கன்னம் தரையில் படக் குனிந்து ஊதினான். வரவேற்பறை கோயில்போல மணத்தது. கரி அசையாமல், கறுப்பாக, பிடிவாதமாகக் கிடந்தது.

"லக்சா, நீர் வாசிக்கிற அந்த நாவல் புத்தகத்தில இதை என்னெண்டு பத்த வைக்கிறாங்கள்?"

குசினியிலிருந்து லக்சாயினி எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் றோல்ஸ் பலகாரம் தோய்க்கிற முட்டை. "புத்தகத்தில வேலைக்காரன் வந்து பத்த வைப்பான். எப்பிடியெண்டு எழுதேல்லை."

"அப்ப வேலைக்காரன் போன பிறகுதான் கதை தொடங்குதோ?"

"ஓம். பிறகு எல்லாரும் கணப்புக்குப் பக்கத்தில இருந்து மனம் விட்டுக் கதைப்பினம். எதிரியும் சிநேகிதனாகிப் போவான்."

இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கணவன் மனைவி இருவரும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஓர் அயலவரின் பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் தொலைபேசியில் விசாரிப்போம் என்று நகரசபையில் கேட்டார்கள். விஜிதரனை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஷ்லீரன் நகரம் முழுக்க இருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் யாழ்ப்பாணம். பதற்றத்தில் அவன் எதிர்வீட்டு ஹெர் பீற்றர்சனின் பெயரைச் சொல்லிவிட்டான். பீற்றர்சனோடு அவன் அதுவரை பேசியிருந்தவை இரண்டே விடயங்கள்: "குளிர்" என்பது ஒன்று, "இன்னும் குளிர்" என்பது மற்றது.

பெயர் கொடுத்த சங்கதி பீற்றர்சனுக்குத் தெரியாது. இன்றைக்கு விருந்து வைத்து, மெல்லச் சொல்லி, எங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நகரசபை ஒரு நாள் தொலைபேசி எடுக்கும், "எந்த விஜிதரன்?" என்று பீற்றர்சன் கேட்பார். அத்தோடு பாஸ்போர்ட்டுக்குத் திவசம்.

ஆளைத் தெரிவு செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. பீற்றர்சனைவிடச் சுத்தமான சுவிஸ்காரரை அந்தக் கட்டடத்தில் தேட முடியாது. தேசிய தினத்தன்று எல்லாரும் ஒரு கொடி கட்டினால் அவர் மூன்று கட்டுவார். பால் வாங்கக்கூட மலையேறும் சப்பாத்தோடுதான் போவார். பழைய கடதாசிகளை, அளவுகோல் வைத்ததுபோல் அடுக்கிக் கட்டி, சேகரிக்கும் நாளில் வாசலில் வைப்பார். இவர்களோடு பேசும்போது ரிவியில் செய்தி வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக, தெளிவான புத்தக ஜெர்மனில் பேசுவார். "எங்களுக்கு விளங்கவேணுமெண்டு பாவம் எவ்வளவு மினக்கெடுறார்" என்று லக்சாயினி உருகுவாள்.

அது பழைய கட்டடம். வரவேற்பறைச் சுவரில் திறந்த கணப்பு ஒன்று இருந்தது. குடிவந்த நாளிலிருந்து அதற்குள் அரிசி மூட்டைதான் குடியிருந்தது. ஆண்டுதோறும் புகைபோக்கி துப்புரவாக்குகிறவர் வந்து, மூட்டையை நகர்த்தச் சொல்லி, துப்புரவாக்கி, மூட்டையைத் திரும்ப வைக்கவும் உதவிவிட்டுப் போவார்.

"விறகு காணும்தானே? ஏன் நிலக்கரி?" என்று விஜிதரன் முதலிலேயே கேட்டிருந்தான்.

"நாவலில கரிதான் வருது. சிவப்பாக் கனலுமாம், ஆக்களின்ர முகத்தில வெளிச்சம் அடிக்குமாம்."

இப்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணப்பைப் பார்த்தாள். "என்னப்பா இது? கரியைக் கீழ போட்டு விறகை மேல வைச்சிருக்கிறியள். சுடலையோ கட்டுறியள்?"

எல்லாவற்றையும் பிரித்தார்கள். கீழே தினசரித் தாள், அதற்கு மேல் உடைத்த தோடம்பழப் பெட்டி, உச்சியில் கரி. பிறகு நம்பிக்கைக்காகக் கொஞ்சம் நல்லெண்ணெய். நெருப்பு பிடித்தது. பெட்டிப் பலகை வெடித்தது. கரியின் ஓரம் மெல்லச் சிவந்தது.

"லக்சா, பத்திட்டுது! பாரும், பாரும்!"

அவள் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. முதலில் மகிழ்ச்சியால், பிறகு புகையால்.

புகை மேலே போகவில்லை. புகைபோக்கியின் வாசல்வரை போய், யோசித்து, திரும்பி வரவேற்பறைக்குள் வந்தது.

அதற்குக் காரணம் குசினியில் உறுமிக்கொண்டிருந்தது. கறி மணம் வெளியே போனால் வெள்ளைக்காரர் முறைப்பாடு செய்வார்கள் என்பது அந்த வீட்டின் முதலாவது சட்டம். ஆகையால் சமைக்கும்போது ஒரு ஜன்னலும் திறப்பதில்லை. அடுப்புக்கு மேலே உள்ள, மணத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் மெசின் எப்போதும் உச்சத்தில் ஓடும். ஜன்னல்களோ விஜிதரன் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே செய்தவை. ஊசிமுனைக் காற்றுக்கூட நுழையாது என்று அவனே பெருமை அடித்திருக்கிறான். மெசினுக்குக் காற்று வேண்டும். அது அந்தக் காற்றைப் புகைபோக்கி வழியாக இழுத்தது. காற்றோடு புகையும் வந்தது. இது இருவருக்கும் தெரியாது.

"புகை வருது! மெசினைக் கூட்டும்!"

"மூண்டில கிடக்கு."

"அதுக்கு மேல இல்லையோ?"

"ரேர்போ எண்டொண்டு கிடக்கு."

"போடும் ரேர்போவை!"

போட்டாள். அதுவரை நடந்து வந்த புகை ஓடி வந்தது.

"ஜன்னலைத் திறப்பமோ?" என்றான் விஜிதரன் இருமிக்கொண்டு.

"விசரோ உங்களுக்கு? றோல்ஸ் பொரிக்கிறன். இந்த மணம் தெருவுக்குப் போனா பாஸ்போட் கிடைக்குமோ?"

அவள் கதிரையில் ஏறி, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியைப் புகை அலாரத்துக்குப் போட்டுவிட்டாள். அலாரம் பூப்போட்ட தொப்பியோடு கூரையில் தொங்கியது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

பீற்றர்சன் மலைச்சப்பாத்தை வாசலிலேயே கழற்றி ஒழுங்காக வைத்தார். அவருடைய மனைவி ஒரு பெரிய பால்கட்டியையும், சிவப்பு நாடா கட்டிய ஒரு மாட்டு மணியையும் நீட்டினார். விஜிதரன் மணியை இரண்டு கையாலும் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் ஒருமுறை அடித்தான்.

"எவ்வளவு இதமாக இருக்கிறது!" என்றார் பீற்றர்சன், எங்கேயோ புகைக்குள்ளிருந்து.

"கணப்பு இருந்தால்தான் வீடு!" என்றார் மனைவி. அவர் சுவரைத் தடவித் தடவி சோபாவைக் கண்டுபிடித்தார்.

றோல்ஸ் வந்தது. பீற்றர்சன் ஒரு கடி கடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாயாலா புகையாலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அருமை. இன்னொன்று எடுக்கலாமா?"

"எடுங்கள், எடுங்கள்."

"என்ன பண்பான சாதி, பாருங்கோ" என்று லக்சாயினி தமிழில் முணுமுணுத்தாள். "செத்தாலும் முகம் சுளிக்க மாட்டினம் போல."

"இப்ப கேக்கட்டோ?"

"கேளுங்கோ. கணப்புக்கு முன்னால இருக்கேக்கைதான் கேக்க வேணும்."

விஜிதரன் தொண்டையைச் செருமினான். "ஹெர் பீற்றர்சன், உங்களிடம் ஒரு சின்ன..." அதற்குமேல் வரவில்லை. இருமல்தான் வந்தது.

"உங்களிடம் நாங்களும் ஒரு..." என்று பீற்றர்சன் தொடங்கினார். அவருக்கும் இருமல் வந்தது. சிறிது நேரம் இருவரும் மாறி மாறி மரியாதையாக இருமினார்கள்.

அப்போது கதவில் தடதடவென்று அடி விழுந்தது. மேல்மாடியில் இருக்கும் மூதாட்டி ஃபிராவ் எக்லி, இரவு உடுப்போடு, கையில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். உள்ளூர்க்காரரின் பேச்சுமொழியான சுவிஸ் ஜெர்மனில், படிக்கட்டு முழுக்கக் கேட்கிற குரலில், கட்டடத்தைக் கொளுத்துகிறது யார் என்று கத்தினார்.

விஜிதரன் சுவிஸ் ஜெர்மனைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தொழிற்சாலையில் திட்டு வாங்கி வாங்கிப் பழகியவன். அவனுடைய சுவிஸ் ஜெர்மனில் பணிவான சொற்களே இல்லை. பயத்தில் வாயும் தன்பாட்டில் ஓடிவிட்டது: இடுப்பில் கைவைத்து, ஒன்றும் எரியவில்லை கிழவி, உன் பாட்டன் மூட்டியதுபோலத்தான் நானும் மூட்டுகிறேன், வாளியை வைத்துவிட்டு ரெண்டு றோல்ஸ் எடுத்துக்கொண்டு மேலே போய்ப் படு என்று சொல்லிமுடித்தான்.

ஃபிராவ் எக்லி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, றோல்ஸ் நாலு எடுத்துக்கொண்டு, வாளியோடு மேலே போனார்.

விஜிதரன் திரும்பினான். பீற்றர்சனும் மனைவியும் வாய் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"போச்சு," என்றான் விஜிதரன் தமிழில். "காட்டான் எண்டு நினைச்சிட்டினம்."

"கிழவியெண்டோ சொன்னனீங்கள்?"

"வாயில வந்திட்டுது லக்சா."

"கடவுளே. பொறுங்கோ, முதல்ல இந்தப் புகையைக் கலைப்பம்."

அவள் நிலத்தில் வைக்கிற மின்விசிறியைத் தூக்கி வந்து குசினி மின்செருகியில் பொருத்தினாள். அங்கே ஏற்கெனவே பொரிக்கும் மெசினும் உறிஞ்சும் மெசினும் ஓடிக்கொண்டிருந்தன. டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு.

"பியூஸ் போயிட்டுது" என்று இருட்டுக்குள் லக்சாயினியின் குரல் கேட்டது. அழுகிற குரல்.

மெசினின் உறுமல் நின்றுவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் புகை, தன்னைப் பிடித்திழுத்த கை விலகியதுபோல, மெதுவாகத் திரும்பிப் புகைபோக்கிக்குள் ஏறிப் போனது. கரி முழுதாகச் சிவந்து கனன்றது. நாலு பேரின் முகத்திலும் செம்மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. பீற்றர்சனின் மூக்கில் கரி பூசியிருந்தது. அவர் மனைவியின் கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அதுகூட அழகாகத்தான் இருந்தது.

லக்சாயினி கணவனின் கையைக் கிள்ளினாள். "இதுதானப்பா. இப்பிடித்தான் புத்தகத்தில வரும். கேளுங்கோ."

விஜிதரன் நிமிர்ந்து இருந்தான். இனி இழக்க என்ன இருக்கிறது? பாதி மூச்சை இழுத்திருப்பான். அதற்குள் பீற்றர்சனின் மனைவி முன்னுக்கு நகர்ந்து, கணவனின் தோளைத் தொட்டு, "நீ கேட்கமாட்டாய், நானே கேட்கிறேன்" என்றார்.

பிறகு விஜிதரனைப் பார்த்து, செய்தி வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"மன்னிக்க வேண்டும், எங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நகரசபையில் உங்கள் பெயரைக் கேட்காமலே கொடுத்துவிட்டோம், ஜெர்மனியில் ஹம்பேர்க்கிலிருந்து வந்த எங்களுக்கு, இந்த ஊரில் தெரிந்த அசல் சுவிஸ்காரர் நீங்கள் ஒருவர்தான்."