கரிக்கட்டிக்கு விழுந்த குத்து

கோபத்தில் நான் செய்த காரியங்களில் உருப்பட்டது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் உடைந்த சாமான்.

அப்போது நான் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை லாலாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கிராஃபைட் கட்டியின் மேல்பரப்பிலிருந்து ஒரே ஒரு அணு தடிமனுள்ள ஏட்டைக் கிளப்ப வேண்டும். அந்த ஒற்றை ஏட்டுக்குத்தான் கிராஃபீன் என்று பெயர். கிராஃபைட் என்பது பென்சிலுக்குள் இருக்கும் கரி. (அம்மா கேட்பவர்களிடம் எல்லாம் "மக பென்சிலுக்குப் படிக்குது" என்றார். திருத்திப் பார்த்தேன். முடியவில்லை.)

கருவியில் ஒரு கூரான கம்பி முனை உண்டு. அது கரியைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் முன்னும் பின்னும் போகும். மேடு பள்ளம் திரையில் படமாக விழும். அதே முனையைத் துளி இறக்கி இழுத்தால் மேல் ஏடு கிளம்பும் என்பது என் ஆய்வுக்கு வழிகாட்டிய டாக்டரின் கணக்கு. எனக்குக் கிளம்பவில்லை. கூட இறக்கினால் குழி தோண்டியது, குறைய இறக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் செலோடேப் ஒட்டிப் பிய்த்துக் கரிக்குப் புதுப் பரப்பு எடுத்ததுதான் மிச்சம்.

டாக்டர் அதிகம் பேசாத மலாய்க்கார அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஏடாவது கிளம்பாவிட்டால் கருவி தினேஷுக்கு என்று சொல்லிவிட்டார். கருவி போனால் என் பட்டமும் போச்சு.

தினேஷ் மெர்கோங் ஊர்ப் பையன், எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவன். புதன்கிழமை நான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, இன்னும் கிழியலையா?"

"போய் உன் வேலைய பாரு."

"வேலதான்க்கா பாக்குறேன். இந்த நாற்காலி உயரம் சரியா வருதான்னு பாக்கணும்லா. வெள்ளிக்கெழமைக்கி அப்பறம் நாந்தான உக்காரணும்."

மேசையை ஓங்கிக் குத்தினேன்.

கருவி இருந்த அதே மேசை. (அதன் மேல் டீ கப் கூட வைக்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியவளும் நானே.) பக்கத்துச் சாலையில் லாரி போனாலும் ஆடக் கூடாதென்று அந்தக் கருவியை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். என் கைக்கு அந்த ரப்பர் போதவில்லை. திரையில் கோடு கோடாகக் கிறுக்கல்.

"அலாமாக். முனை செத்துப்போச்சுக்கா," என்றான் தினேஷ். சிரிப்பு நின்றிருந்தது.

நிறுத்தக்கூடக் கை வரவில்லை. கருவி தன்பாட்டுக்கு வரி வரியாகப் படம் வரைந்துகொண்டே போனது. கிறுக்கல் முடிந்த இடத்தில், விரித்த பாயின் ஓரம் மடங்கிக் கிடப்பதுபோல ஒரு பட்டை தெரிந்தது. உயரத்தை அளந்தேன். இன்னொரு முறை அளந்தேன். சரியாக ஓர் ஏடு.

தினேஷ் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, குத்துனத சொல்லாதீங்க. ஓல்டேஜ் ஏத்துனேன்னு சொல்லிருங்க. கருவிய அடிச்சது தெரிஞ்சா தொரத்திருவாங்க."

அப்படியே சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் டாக்டர் வந்து படத்தைப் பார்த்து, என்ன செய்தாய் என்று மலாயில் கேட்டபோது, வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"சாயா தும்போக் மேஜா," என்றேன். மேசையைக் குத்தினேன் என்று அர்த்தம்.

டாக்டர் மேசையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "இதையே கை வைக்காமல் செய்ய முடியுமா?"

முனை ஒவ்வொரு நொடியும் எவ்வளவு இறங்கியது என்பதைக் கருவி பதிந்து வைத்திருந்தது. குத்து விழுந்த நொடியைத் தேடி எடுத்தேன். மூன்று மாதமாக நான் இறக்கிய அளவுகளுக்கு நடுவே, நான் தொடாமல் தாண்டிப்போன ஓர் அளவு. வியாழன் முழுக்க அதை வைத்துப் பழகினேன். வெள்ளிக்கிழமை டாக்டர் பின்னால் நிற்க, பொத்தானை அழுத்தி முனையை இறக்கி இடப்பக்கம் இழுத்தேன். ஏடு கிளம்பி அழகாக மடிந்தது. பக்கத்தில் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் ஐந்து. தினேஷ் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போனான். (அந்தச் சக்கரச் சத்தம் மாதிரி ஒரு சங்கீதம் நான் கேட்டதில்லை.)

ஆய்வேட்டில் குத்து என்று எழுத டாக்டர் விடவில்லை. 'கட்டுப்பாடற்ற வெளி அதிர்வு' என்று மாற்றினார். பட்டமளிப்பு அன்று தினேஷ், சும்மா இருக்காமல், அந்த வரியை என் வீட்டாருக்குத் தமிழில் விளக்கிவிட்டான்.

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், அப்பா மீன் குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொள்வார். "வெளி அதிர்வு வருது, எல்லாரும் தட்ட எடுங்க."

அம்மா மட்டும் தட்டை எடுப்பதில்லை. "குத்துனா குத்தட்டும். பட்டம் வாங்குன கைலா அது."