ஸ்பேம் பெட்டிக்குள் என் தம்பி

சாந்தோம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி ரொனால்டுக்கு அண்ணன் விக்டர் எழுதுவது. மரியே வாழ்க. மாதா தயவில் இங்கே எல்லோரும் சுகம், என் மூட்டு நீங்கலாக. பெங்களூரில் நீயும் சான்ட்ராவும் நலந்தானே?

உன்மேல் நான் கொலைக்கோபத்தில் இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஜொவிட்டாவுக்கு நீ ஞானத்தகப்பன். கல்யாணம் நிச்சயமானதை மெயிலில் எழுதி ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை, மாப்பிள்ளை பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன், போன் பண்ண ரோஷம் விடவில்லை, பத்திரிகையிலிருந்து உன் பேரை எடுத்துவிடச் சொல்ல அச்சகத்துக்குக் கிளம்பியேவிட்டேன். கிளம்பும்போது அச்சகத்துக்காரன் மெயிலைத் தேடப்போய் ஸ்பேம் என்ற பெட்டியைத் திறந்தால், லாட்டரிக்காரனுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவில் வரிசையாக நீ உட்கார்ந்திருக்கிறாய்.

மலைத்துப்போனேன் தம்பி. யாரும் சொல்லாமலே மிஷின் தானாகத் தரம் பிரிக்குமாம், அதற்கு டீஃபால்ட் செட்டிங் என்று பேர். நீயும் ‘அவசரம், உடனே திற’ என்றுதானே தலைப்புப் போடுகிறாய், பன்னிரண்டு பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று அடியில் மிரட்டுகிறாய். முகம் பார்க்காமலே ஆளைக் கண்டுபிடித்துவிட்டதே! உன் அண்ணி மர்சலினிடம் சொன்னேன். “உங்க தம்பி வாயைத் தொறந்தா ஊரே ஒதுங்கிப் போவுது, மிஷின் மட்டும் இன்னா இளிச்சவாயா?” என்று மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

அதைவிட அதிசயம், ‘இது ஸ்பேம் அல்ல’ என்று நான் ஒரு தட்டுத் தட்டியதும் நீ வெளியே வந்துவிட்டாய். ஈஸ்டருக்கு முந்தின தபசு கால வெள்ளிகளில் கறி கூடாது என்பது ரோமாபுரிச் சட்டம். காய்ச்சல்காரனுக்குப் பங்குச்சாமி விலக்குக் கொடுத்தால் அது செல்லுமில்லையா, அப்படி. ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில்கூட என் பேச்சை ஒருத்தரும் கேட்டதில்லை. கோடிப் பேருக்குப் போட்ட சட்டம் இந்தக் கிழவன் விரலுக்கு வழிவிட்டது. கண் கலங்கிவிட்டது.

உன் பேர் பத்திரிகையில் இருக்கிறது. மாதா உங்களைக் காப்பாளாக.

அண்ணன்,
விக்டர்

பி.கு: கவரை ஒட்டுமுன் ஜொவிட்டா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “அப்பா, மிஷின் தானா எதுவும் பண்ணல. நம்ம செட்டிங்ஸ்ல சித்தப்பாவை யாரோ பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. சொன்னதை அது செஞ்சிருக்கு, அவ்ளோதான்” என்கிறாள். பாஸ்வேர்டு எனக்கே தெரியாது, வீட்டில் அது தெரிந்த இன்னொருத்தி இப்போது வஞ்சிரம் வறுக்கிறாள், திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். ஆகையால் மேலே மிஷினைப் பற்றி வியந்ததையெல்லாம் உன் அண்ணியைப் பற்றியதாக வாசித்துக்கொள். பிளாக்கை எடுத்துவிடுகிறாளாம். ஒரே நிபந்தனை: கல்யாணத்தில் நீ மைக்கைத் தொடக்கூடாது.