கரண்ட் போக வேண்டிக்கொண்டவர்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை லட்சக்கணக்கான ஜனங்கள் வசிக்கிறார்கள். கரண்ட் போனால் சந்தோஷப்படுகிறவர் அவர்களில் ஒரே ஒருவர்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் எனக்கு நேர் கீழ் வீட்டில் இருந்தார் என்பதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் 'சனிக்கிழமை சார்'. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். வேலை நாளெல்லாம் போல்ட்டுகளில் குறை கண்டுபிடிப்பார். வீட்டுக்கு வந்ததும் லினக்ஸில்.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச மென்பொருள். முகம் தெரியாத பலர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து சேர்ந்து அதைத் தேர் மாதிரி இழுக்கிறார்கள். திரையில் நாம் பார்க்கிற ஜன்னல், பொத்தான் சமாசாரங்களைக் கவனிக்கும் குழு ஒன்று, 'இந்த வாரம் இன்னின்னது சரிசெய்தோம்' என்று வாராவாரம் ஒரு பட்டியல் போடும். அது நமக்குச் சனிக்கிழமை காலையில் வந்து சேரும். நம்மவர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கு வந்துவிடுவார். பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர்களைப் பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு வாசிப்பார்.

"இது பெரிய வாரம் சார். வால்யூம் பட்டன் மேல மவுஸ வெச்சு உருட்டினா, சமயத்துல ரெண்டு படி சேர்த்து ஏறிடும். அத புடிச்சிட்டாங்க."

"எவ்ளோ சம்பளம் சார் அவங்களுக்கு?" என்பார் டீ மாஸ்டர்.

"பாதிப் பேருக்கு சம்பளமே கிடையாது மாஸ்டர். ஆசைக்குச் செய்யறாங்க."

"அவுங்க வூட்ல யாரும் இன்னானு கேக்க மாட்டாங்களா?"

என் லேப்டாப்பைப் பழைய இரும்புக்குத்தான் போடலாம் என்று கடையில் கைவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை சார் அதில் லினக்ஸைப் போட்டு, கூடவே தன்னுடைய பழைய மானிட்டர் ஒன்றையும் என் தலையில் கட்டினார். மெஷின் பறந்தது. பத்திரிகைக்கு நான் எழுதும் கட்டுரைகள் பறக்கவில்லை. இத்தனை வருஷம் லேப்டாப் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தது ஆசிரியருக்குத் தெரிந்துபோயிற்று.

மென்பொருளில் குறை கண்டால் சும்மா புலம்பக்கூடாதாம். என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, எப்படிச் செய்தால் அது மறுபடி நடக்கும் என்று முறையாக எழுதி அனுப்ப வேண்டும். அவர் இதை வீட்டிலும் கடைப்பிடித்தார். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தினு ஒரு பேப்பர்ல எழுதி நீட்டினாரு அண்ணா," என்றார் அவர் மனைவி. "மறுநாளும் அதே அளவு போட்டேன். கரெக்டா மறுபடி நடந்துச்சு."

அப்படிப்பட்டவருக்கே ஒரு குறை வந்து வாய்த்தது. எங்கள் தெருக் கரண்ட் மரியாதை தெரிந்தது, சொல்லாமல் போகாது. மூன்று தடவை கண்ணடித்துவிட்டுத்தான் போகும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, அசையாது. பக்கத்திலுள்ள பெரிய மானிட்டர் மட்டும் அணைந்து அணைந்து எரிந்து, கடைசியில் இன்வெர்ட்டர் தயவில் நிற்கும். அந்த அமளியில், பெரிய திரையில் திறந்து வைத்த ஜன்னல்களெல்லாம் லேப்டாப்புக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். வெள்ளத்துக்கு மொட்டை மாடிக்கு ஓடியவர்கள், தண்ணீர் வடிந்த பிறகும் இறங்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கும் அதே கதிதான். நான் திட்டுவேன். அவர் எழுதி அனுப்பினார்.

ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து பதில் வந்தது: 'எங்களால் இதை நடத்திப் பார்க்க முடியவில்லை.'

"எப்படி முடியும் சார்?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "அங்க கரண்ட் போறதில்லையாம். சின்ன வயசுல ஒரு தடவ போச்சுன்னு அவங்க அம்மா சொல்லுவாங்களாம்."

வீடியோ அனுப்பினால் பார்க்கிறோம், ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் புகாரை மூடிவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"மூடினா என்ன? விடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "மூடிட்டா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைனு ஆயிடும் சார். நமக்குத்தான தெரியும், டெய்லி நடக்குதுனு."

வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தார். ஜன்னல்கள் அசையாமல் நின்றன. மானிட்டர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். சாதுவாகப் போய்ச் சாதுவாகத் திரும்பின. அந்தக் கண்ணடிப்பு வேண்டும். ஆகவே திரைக்கு எதிரே ஸ்டாண்டில் போனை நிறுத்திவிட்டுக் கரண்ட் போகக் காத்திருந்தார்.

போகவில்லை. ஒரு வாரம் போகவில்லை. இரண்டு வாரம் போகவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டார், அப்போதும் போகவில்லை. கடைசியில் தெருமுனையில் லைன்மேனை மடக்கினார். நானும் கூட இருந்தேன்.

"ஏம்பா, கரண்டே போக மாட்டேங்குது?"

லைன்மேன் சைக்கிளை விட்டு இறங்கினார். "இன்னா சார், நக்கலா? நீங்கதான மனு குட்த்தீங்க. புது டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கீறோம். இனிமே போவாது."

மனுவை எழுதியது நான். என் எழுத்தில் நாட்டுக்குப் பலன் தந்தது அது ஒன்றுதான். முதல் கையெழுத்து சனிக்கிழமை சாருடையது.

கெடு முடிய நான்கு நாள் இருந்தது. அவர் மூன்று மாடியும் ஏறி இறங்கி எல்லா வீட்டிலும் அனுமதி வாங்கினார். ஞாயிறு பதினோரு மணிக்குக் கட்டடத்தின் மொத்த மெயினையும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியே போட்டு அணைப்பது என்று முடிவாயிற்று. யாரும் லிஃப்ட் ஏறக்கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டினார். மெயின் பக்கத்தில் லைன்மேன். மாடிக்கும் கீழுக்கும் செய்தி சொல்ல, படிக்கட்டில் நான்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. லைன்மேன் கண்ணை மூடி யோசித்தார்.

"அவசரப்படக் கூடாது சார். டப்பு, டப்புனு ரெண்டு. அப்பால ஒரு மூச்சு வுட்டு, டொப்பு. பதினாலு வருசம் அத்தோட பேஜார் பட்டவன், எனக்குத் தெரியாதா?"

டப்பு. டப்பு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டொப்பு.

மேலேயிருந்து, "ஓடிடுச்சு சார், எல்லா ஜன்னலும் ஓடிடுச்சு, வீடியோல விழுந்துடுச்சு" என்று சனிக்கிழமை சார் குரல். வாட்ச்மேன் கை தட்டினார். இரண்டாம் மாடிப் பெண்கள் கை தட்டினார்கள். லிஃப்டுக்குள்ளிருந்தும் யாரோ தட்டினார்கள். திறந்து பார்த்தால் செயலாளர். எல்லோரும் நோட்டீஸைப் படித்தார்களா என்று பார்க்கப் போய்க்கொண்டிருந்தாராம்.

சில சனிக்கிழமைகள் கழித்து நம்மவர் டீக்கடைக்கு ஓடியே வந்தார். பட்டியலில் ஏழாவது வரி: மானிட்டருக்கு மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும் ஜன்னல்கள் இனி இருந்த இடத்திலேயே இருக்கும். பாதி வரியில் தாளை என்னிடம் நீட்டினார். மீதியை நான் வாசித்தேன்.

"உன் பேரு எங்க சார் போட்டுக்கீது?" என்றார் டீ மாஸ்டர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"எதுக்கு மாஸ்டர்? இனிமே எந்த ஊர்ல கரண்ட் போனாலும் ஓடாது. அது போதும்."

அந்தத் திருத்தம் என் லேப்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் அவர் பெருங்களத்தூரில் ஜெனரேட்டர் வைத்த புது அபார்ட்மெண்டுக்குக் குடிபோய்விட்டார். போன வாரம் மழை. மத்தியானம் எழுதிக்கொண்டிருந்தேன். புது டிரான்ஸ்ஃபார்மரும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது போல. மூன்று தடவை கண்ணடித்துவிட்டுக் கரண்ட் போயிற்று. மானிட்டர் இருண்டு மீண்டது. எல்லா ஜன்னல்களும் அப்படி அப்படியே நின்றன. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காததற்காக ஒரு மனிதரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.